பூவில் வெட்டினால் கொட்டைக்கு எங்கே போவது?

பங்குனியில் ராசிபுரம் பக்கம் அம்மாவின் தோட்டத்தில் வேம்பும் புங்கனும் பூத்து, தேனீ இரைச்சல்தான். அம்மா பழைய சேலையை விரித்து உதிர்ந்த வேப்பம்பூவை மட்டும் எடுப்பார். ரசத்துக்கு அது போதும்.

ஒரு வருஷம் ஆட்டுத் தழைக்காகப் பூத்த கிளைகளை வெட்டிவிட்டேன். "பூவுல ஒடிச்சுப்புட்டியே கண்ணு, கொட்டைக்கு எங்க போவே?" என்றார். ஆடியில் பொறுக்க ஒன்றுமில்லை. கத்தரிக்குக் காசு கொடுத்து வாங்கினேன் (பேங்க்காரன் போட்ட கணக்கு!).

கரைசல் 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு வேண்டும். பொறுக்கி 3 மாதம் ஆனதாக, 8 மாதம் தாண்டாததாக இருக்கட்டும். இடித்துத் துணியில் கட்டி, 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவிட்டுப் பிழிந்து, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் அடிக்கலாம்.

ஆட்டுக்கு இப்போது வாய்க்கால் ஓரம் அகத்தி இருக்கிறது. வேம்பில் ஆவணிக்குப் பிறகுதான் அரிவாள்.