சுரங்கம் மூடிய பிறகும் மூடாத கதவு
தங்கவயல் கிறிஸ்தவத் தொழிலாளர்களின் விசுவாச வாழ்வு

பங்காருப்பேட்டையில் பிரியும் கிளை ரெயில் பாதை, கோரமண்டல், உரிகம், சாம்பியன் நிலையங்களைக் கடந்து மாரிக்குப்பத்தில் போய் முடிகிறது. இந்தச் சிறிய தூரத்துக்குள் எத்தனை கோவில்கள், எத்தனை மாதா கெபிகள், எத்தனை ஜெப வீடுகள்! தங்கம் தோண்ட வந்த தமிழர்கள், தங்கள் கைக்காசில் மிச்சம் பிடித்து எழுப்பிக்கொண்டவை இவற்றில் பல.

1880ம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளில் இருந்து ஏழை மக்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். ஊரில் பஞ்சம் ஒருபுறம், சாதிக் கொடுமை மறுபுறம். சிலர் கிறிஸ்தவர்களாகவே வந்தனர். சிலர் இங்கு வந்த பின் கிறிஸ்தவர்கள் ஆயினர். கத்தோலிக்கர், மெதடிஸ்டுகள், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தே சபையினர் எனப் பல பிரிவினர் லைன் வீடுகளில் அடுத்தடுத்துக் குடியிருந்தனர்.

கேஜில் ஏறும் முன்

சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோ மீட்டருக்கும் அதிகம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினால்தான் ஆட்கள் நின்று வேலை செய்ய முடியும்.

வெப்பத்தைவிட அஞ்ச வேண்டியது பாறை வெடிப்பு. தோண்டிய இடத்தைச் சுற்றியுள்ள பாறை, மேலிருந்து அழுத்தும் பாரம் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறும். அந்த அதிர்ச்சி மேலே லைன் வீடுகள் வரை எட்டும். சுவர் நடுங்கினால் அடுப்படியில் இருக்கும் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிடும். கீழே போனவர் யார், எந்த ஷிப்டு என்பதே அப்போது எல்லோர் மனதிலும் எழும் கேள்வி.

இதற்குத் தப்பினாலும் பாறைத் தூள் விடாது. வருடக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களுக்கு சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வந்தது. மூச்சுக்குத் திணறியே காலத்தை முடித்தவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவன் ஜெபிக்காமல் எப்படிப் போவான்? கேஜில் ஏறும் முன் போடும் சிலுவை அடையாளமும், வாய்க்குள் சொல்லும் ஒரு வரி ஜெபமும் அவனுக்கு மதச் சடங்கு அல்ல. சோற்றுப் பாத்திரம் போல் கூடவே எடுத்துச் செல்லும் பொருள்.

யோபு கண்ட சுரங்கம்

வேதாகமத்தில் யோபுவின் புத்தகம் 28ம் அதிகாரம் சுரங்கத் தொழிலைப் பற்றிப் பேசுகிறது. பறவையின் கண்ணுக்கும் தெரியாத பாதையில் மனிதன் இறங்குகிறான், மலையை வேரோடு புரட்டுகிறான், இருட்டில் கிடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டு வருகிறான். ஆனால் ஞானத்தை அப்படித் தோண்டி எடுக்க முடியாது, பொன்னைக் கொடுத்தும் வாங்க முடியாது என்று அந்த அதிகாரம் சொல்கிறது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கத்தைத் தோண்டிக் கொடுத்துவிட்டு, தங்கள் வீட்டில் குன்றிமணித் தங்கத்துக்கும் கஷ்டப்பட்ட தங்கவயல் மக்களுக்கு இதன் பொருளை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பொறுமை என்றால் வாய் மூடிக் கிடப்பது என்றும் அவர்கள் நினைக்கவில்லை. 1930ம் ஆண்டில் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யக் கம்பெனி முற்பட்டது. தங்களைக் குற்றவாளிகள் போல் நடத்துவதா என்று ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், பவுத்தர்கள் எல்லோருக்கும் அது மானப் பிரச்சினை. ஜெபித்த கையே உரிமை கேட்கவும் உயர்ந்தது.

வேலை போன நாள்

2001ம் ஆண்டு பிப்ரவரி 28ந் தேதி, மத்திய அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானம் நின்றது. பாறை வெடிப்புக்கு அஞ்சாதவர்களையும் இது அசைத்துவிட்டது. சுரங்கத்தில் ஆபத்து இருந்தது. ஆனால் சம்பளமும் இருந்தது. இப்போது இரண்டுமே இல்லை.

அதன் பின் ரெயில்தான் இவர்களுக்குச் சோறு போட்டது. பொழுது விடியும் முன் மாரிக்குப்பத்தில் ஏறி, ஏறத்தாழ 90 கிலோ மீட்டர் தள்ளியுள்ள பெங்களூரில் கட்டிட வேலை, காவல் வேலை, துப்புரவு வேலை, தையல் ஆலை வேலை என்று எது கிடைத்தாலும் செய்துவிட்டு இரவில் வீடு திரும்பும் வாழ்க்கை இன்றும் தொடர்கிறது.

இதில் அவர்களுக்கு வந்த புதிய சோதனை ஞாயிற்றுக்கிழமை. காவல் வேலைக்கும் துப்புரவுக்கும் ஞாயிறு விடுமுறை நிச்சயம் இல்லை. ஆராதனைக்குப் போனால் அன்றைய கூலி போகும். கூலிக்குப் போனால் ஆராதனை போகும். வயிற்றுப்பாட்டுக்காக வேலைக்குப் போகிறவனைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. வர முடியாதவனுடைய பெயரைச் சொல்லி ஜெபிப்பதும், வேலை இல்லாதவன் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பதும்தான் இங்கே சபையின் வேலை.

சயனைடு மண்மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்து எடுக்க, 2024ம் ஆண்டு ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது. 13 மண்மேடுகளில் இந்தப் பணி நடைபெற வேண்டும். அதனால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா என்பதே வீட்டுக்கு வீடு உள்ள கேள்வி.

விசுவாசம் தங்களைச் சுரங்கத்தில் இருந்து தூக்கிவிடும் என்று முன்னோர்கள் நம்பவில்லை. சுரங்கத்துக்குள்ளும் தங்களோடு ஆண்டவர் இறங்கி வருவார் என்றுதான் நம்பினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் ரெயிலேறும்போது கூடவே கொண்டு போவதும் அந்த நம்பிக்கையைத்தான்.