தொண்டையில் ஒளிந்திருக்கும் பால்வினை நோய்கள்

தொண்டை கட்டிக்கொண்டால் அதற்கான வைத்தியம் நம் வீடுகளில் கைவசம் இருக்கிறது. உப்பிட்ட வெந்நீரில் கொப்பளிப்பது, சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட கஷாயம், மஞ்சள்தூள் கலந்த பால் இவையே முதல் மருந்துகள். இரண்டு மூன்று நாட்களில் குணமாகாவிட்டால் மருத்துவரை நாடுகிறோம். அதாவது, வலித்தால்தான் நமக்குத் தொண்டையின் நினைவு வருகிறது. ஆனால் வலியே தராமல், சிவப்போ வீக்கமோ காட்டாமல், வாரக்கணக்கில் தொண்டையில் குடியிருக்கும் கிருமிகளும் உண்டு. அவற்றுள் சில, பாலுறவின் மூலம் பரவுபவை.

இப்படிப்பட்ட பொருளைக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பாடப் புத்தகத்தில் இக்கிருமிகளின் பெயர்களை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறோம். அதே கிருமிகள் மனித உடலில் எங்கே, எப்படி வாழ்கின்றன என்று பேசுவதற்கு மட்டும் கூசுகிறோம். இந்தக் கூச்சத்தால் நன்மை அடைவது கிருமி ஒன்றே.

தொண்டைக்கு வருவது எப்படி?

பால்வினை நோய் என்றால் பிறப்புறுப்பை மட்டும் பற்றும் நோய் என்பது பொதுவான எண்ணம். கிருமிக்கு அந்த வேறுபாடு கிடையாது. ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மென்மையான சவ்வு கிடைத்தால் அதற்குப் போதும். வாய்வழி உறவின்போது நோயுள்ளவரிடமிருந்து கிருமி தொண்டையை அடைந்து, உள்நாக்கை ஒட்டிய பகுதியிலும் டான்சில் சதையின் மடிப்புகளிலும் தங்கிவிடுகிறது. பின்னர் அங்கிருந்தே மற்றவருக்கும் பரவுகிறது. ஒரே தம்ளரில் தண்ணீர் குடிப்பதாலும், பக்கத்தில் அமர்ந்து சாப்பிடுவதாலும் வெட்டை நோய் தொற்றுவதில்லை.

முக்கியமான நோய்கள்

முதலாவது, வெட்டை நோய் எனப்படும் கொனோரியா. இதன் கிருமியை 1879ஆம் ஆண்டு ஆல்பர்ட் நெய்சர் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டறிந்தார். அவர் பெயராலேயே அது நெய்சீரியா என்று வழங்கப்படுகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டு காப்பிக் கொட்டைகளை எதிரெதிரே வைத்தாற்போல் இரட்டை இரட்டையாகத் தோன்றும். மயிரிழை போன்ற நுண்ணிய நீட்சிகளால் சவ்வின் செல்களைப் பற்றிக்கொள்ளும். சிறுநீர்ப் பாதையைத் தாக்கினால் ஆண்களுக்குப் பெரும்பாலும் எரிச்சலும் சீழும் தோன்றும். தொண்டையில் தங்கினாலோ பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இராது. கிளமிடியா என்ற மற்றொரு பாக்டீரியாவும் இவ்வாறே ஓசையின்றித் தொண்டையில் தங்கக்கூடும். ஆனால் கொனோரியாவைக் காட்டிலும் குறைவாகவே அங்கே காணப்படுகிறது.

இரண்டாவது, பறங்கிப்புண் என்று நம் முன்னோர் குறிப்பிட்ட சிபிலிஸ். திருகாணி போல் சுருண்ட இதன் கிருமியை 1905இல் பெர்லினில் ஷாடின், ஹோஃப்மன் என்ற இருவர் கண்டுபிடித்தனர். கிருமி நுழைந்த இடத்தில், சராசரியாக மூன்று வாரங்களில் ஒரு புண் தோன்றும். அது உதட்டிலோ, நாக்கிலோ, டான்சிலிலோ இருக்கலாம். பெரும்பாலும் அந்தப் புண் வலிப்பதில்லை. மருந்தில்லாமலே சில வாரங்களில் ஆறியும் விடுகிறது. நோயாளி, 'பீடை தொலைந்தது' என்று மகிழ்கிறார். ஆனால் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கிறது. அடுத்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகளும், வாய்க்குள் வெண்ணிறத் திட்டுகளும் தோன்றி, அவையும் மறையலாம். கவனிக்காமல் விட்டால், பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும்.

மூன்றாவது, மனித பாப்பிலோமா வைரஸ். இதன் 16ஆம் வகை, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரிதும் காரணமாவது போலவே, டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் புற்றுநோயை உண்டாக்க வல்லது. இவ்வைரஸுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இளம் வயதில் போட்டுக்கொள்ளும் தடுப்பூசி இதற்கு உண்டு.

எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸ் உடலில் நுழைந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில், சிலருக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் கழுத்தில் நெறிகட்டுதலும் வரும் என்பதையும் இங்கே சேர்த்து அறிய வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு தொண்டைவலிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. தொண்டைவலிகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரணச் சளி வைரஸ்களால் வருபவை. உதட்டில் வரும் கொப்புளங்களும், குழந்தைப் பருவத்தில் பெரியவர்களின் எச்சில் பட்டுத் தொற்றிய ஹெர்ப்பிஸ் வைரஸால் தோன்றுபவையாகவே பெரும்பாலும் இருக்கும். ஒருவர் வாயில் புண்ணைக் கண்டு அவர் ஒழுக்கத்தை அளப்பது அறியாமை.

வலிக்காதது ஏன் ஆபத்து?

'வெட்டைச் சூடு' என்ற சொல் கிராமத்துப் பெரியவர்களிடம் இன்றும் வழங்குகிறது. உடற்சூட்டினால் வருவது என்று கருதி இளநீரும் வெந்தயமும் கொடுத்துக் காத்திருப்பார்கள். சீழும் எரிச்சலும் கண்ட நோய்க்கே இந்த நிலை என்றால், எதுவும் காட்டாத தொண்டை நோயை யார் கவனிப்பார்கள்?

மருத்துவமனையிலும் அது தப்பிவிட இடமுண்டு. நம் நாட்டில் பால்வினை நோய்களுக்கு, அறிகுறியைக் கண்டு அதற்கேற்ப நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்களை வழங்கும் முறை நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டு வருகிறது. ஆய்வக வசதியில்லாத ஊர்களிலும் உடனே மருந்து கிடைக்க வழிசெய்த நல்ல முறை அது. ஆனால் அறிகுறியே இல்லாத தொண்டைக்கு எந்த நிறப் பொட்டலத்தைக் கொடுப்பது?

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. நம் தொண்டையில் தீமை செய்யாத நெய்சீரியா இனங்கள் இயல்பாகவே வாழ்கின்றன. நாம் சளிக்கும் காய்ச்சலுக்கும் விழுங்கும் மருந்துகளை எதிர்த்துப் பழகியவை அவை. அவற்றிடமிருந்து மரபணுத் துண்டுகளைக் கொனோரியா கிருமி பெற்றுக்கொள்கிறது. வெளியிலிருந்து வந்த திருடனுக்கு உள்ளூர்க்காரர் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொடுத்தது போன்றது இது.

1940களில் பெனிசிலின் வந்தபோது கொனோரியா ஒழிந்தது என்றே நம்பினர். 1976இல் அம்மருந்தைச் சிதைக்கும் கிருமிகள் கண்டறியப்பட்டன. பின்னர் வந்த மருந்துகளும் ஒவ்வொன்றாகத் தோற்று, இன்று செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி மருந்தே முதன்மையாகக் கைகொடுக்கிறது. அதற்கும் கட்டுப்படாத கிருமி 2009இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து கிடைத்தது. 2018இல் இங்கிலாந்தில் ஒருவருக்கு அந்த ஊசியும், அதன்பின் வேறொரு ஊசியும் போட்டனர். சிறுநீர்ப் பாதையில் கிருமி ஒழிந்தது. தொண்டையில் மட்டும் ஒழியவில்லை. எர்டாபெனெம் என்ற மருந்தை மூன்று நாட்கள் இரத்தக் குழாய் வழியே செலுத்திய பின்னரே அவர் குணமடைந்தார். தொண்டையில் மருந்து வேலை செய்வது கடினம் என்பதற்கு இது தக்க சான்று. மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என்ன சோதனை?

சிறுநீரைச் சோதித்து நோய் இல்லை என்று அறிக்கை வந்தால், சிறுநீர்ப் பாதையில் இல்லை என்பதே அதன் பொருள். தொண்டையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. தொண்டைக் கொனோரியாவையும் கிளமிடியாவையும் அறியத் தொண்டையிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். 2020இல் கொரோனா பரவியபோது தொண்டைக்குள் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்கள் அல்லவா? அதே போன்றதுதான். சில நொடிகள் குமட்டும். வேறு துன்பம் இல்லை. மாதிரியிலுள்ள கிருமியின் மரபுப் பொருளைப் பலமடங்கு பெருக்கிக் காணும் சோதனையே இதில் சிறந்தது. அமெரிக்காவில் இத்தகைய சோதனைகளைத் தொண்டை மாதிரிக்குப் பயன்படுத்த 2019இல்தான் முதன்முறையாக அனுமதி வழங்கப்பட்டது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று அறிய, அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பதும் உண்டு.

சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தச் சோதனை வேண்டும். பாப்பிலோமா வைரஸுக்கு, நோயற்றவரின் தொண்டையில் முன்கூட்டியே பார்க்கும் அங்கீகரிக்கப்பட்ட சோதனை எதுவும் இல்லை.

எப்போது செய்துகொள்வது?

1. துணைவருக்கு இந்நோய்களில் ஒன்று இருப்பது தெரிந்தால், தமக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் உடனே.

2. பாதுகாப்பற்ற வாய்வழி உறவு நேர்ந்திருந்தால், கொனோரியாவுக்கும் கிளமிடியாவுக்கும் இரண்டு வாரங்கள் கழித்து. மறுநாளே சோதித்தால் கிருமி அகப்படாமல் போகலாம். எச்.ஐ.வி.க்குப் புதிய வகை ஆய்வகச் சோதனை என்றால் 45 நாட்கள் கழித்தும், சிபிலிஸுக்கு மூன்று மாதம் முடிந்தும் பார்த்தால்தான் 'இல்லை' என்ற முடிவை உறுதியாக நம்பலாம். புண் முதலியன தோன்றினால் அதுவரை காத்திருக்கக் கூடாது.

3. வாயிலோ தொண்டையிலோ வலியற்ற புண் இரண்டு வாரங்களுக்கு மேல் இருந்தாலும், உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்புத் தோன்றினாலும்.

4. ஒருவருக்கு மேற்பட்ட துணை உடையோர், அறிகுறியை எதிர்பாராமல் குறிப்பிட்ட கால இடைவெளியில். ஆண்களோடு உறவுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும், துணைவர் பலர் எனில் மூன்று முதல் ஆறு மாதத்திற்கு ஒருமுறையும் தொண்டையைச் சோதிப்பது நல்லது.

5. தொண்டைக் கொனோரியாவுக்கு மருந்து எடுத்த பின், 7 முதல் 14 நாட்களுக்குள் மீண்டும் ஒருமுறை. கிருமி ஒழிந்ததா என்று பார்ப்பதற்கு இது. மறுபடி தொற்றியதா என அறிய மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். இல்லாவிட்டால் நோய் இருவரிடமும் மாறி மாறிச் சுற்றும்.

6. கழுத்தில் கட்டியோ, ஒரு பக்கத் தொண்டைவலியோ மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

ஆணுறை அணிவது வாய்வழி உறவிலும் ஆபத்தைக் குறைக்கும். உப்பு நீரோ, வாய் கொப்பளிக்கும் மருந்தோ இந்நோய்களைக் குணப்படுத்தாது.

எங்கே செல்வது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய், பால்வினை நோய்ப் பிரிவுகள் உள்ளன. எச்.ஐ.வி. சோதனையை அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலே ஆலோசனை கேட்கலாம். தொண்டைக்கான மரபுப் பொருள் சோதனை எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ஆகையால், அது எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான்: 'தொண்டையிலும் தொற்று இருக்க வாய்ப்புண்டு, அதையும் சோதிக்க வேண்டும்.' நாம் சொல்லாவிட்டால் அவர் சிறுநீரையும் இரத்தத்தையும் மட்டுமே பார்த்துவிட்டு அனுப்பிவிடக்கூடும். இதைச் சொல்வதற்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இருக்கிறது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் விருப்பத்தோடு தனிமையில் கொள்ளும் ஒருபால் உறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. எச்.ஐ.வி. குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரின் சம்மதமின்றிச் சோதிக்கவும் முடிவை வெளியிடவும் தடை விதிக்கிறது.

பேசாமையின் விலையையும், பேசுவதன் பயனையும் நம் தமிழ்நாடு அறியும். 1986இல், இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பலரும் ஐயுற்றிருந்தபோது, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் தேடிப் பார்த்தார்கள். இரத்த மாதிரிகள் வேலூருக்குச் சென்றன. நோய் இருப்பது உறுதியாயிற்று. அறிகுறி தோன்றட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இல்லை என்று எல்லாரும் நம்பிய இடத்தில் தேடினார்கள். அதனாலேயே நாடு விழித்துக்கொண்டது.

தொண்டை நோய்க்கும் பாடம் இதுவே. வலியில்லை என்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. சோதனை ஒன்றே சான்று. காலத்தில் கண்டறிந்தால் கொனோரியாவுக்கு ஊசியும், கிளமிடியாவுக்கு ஏழு நாள் மாத்திரையும், தொடக்கநிலைச் சிபிலிஸுக்கு இன்றும் பெனிசிலினும் குணமளிக்கின்றன. மருந்து இருக்கிறது. அதைப் பெறுவதற்கு, நோய் தங்கியிருக்கும் அதே தொண்டையிலிருந்து நாம் ஒரு வார்த்தை பேசினால் போதும்.