வெள்ளைத் திட்டு: உவரா, களரா?

மாசி, பங்குனி மாதங்களில் கங்கைச் சமவெளியில் ரயிலேறிச் செல்வோர், கோதுமை வயல்களுக்கிடையே சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெண்திட்டுகள் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். இப்பகுதி மக்கள் அதை ‘ஊசர்’ என்பர். பயிர் விளையாத நிலம் அது. இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் ஏறத்தாழ 67 இலட்சம் ஹெக்டேர் என்று கணக்கிட்டுள்ளனர்; அதில் உத்தரப் பிரதேசத்தின் பங்கு மட்டும் ஏறத்தாழ 13.7 இலட்சம்.

இவ்வளவு பரப்பையும் நடந்தே அளப்பது எளிதா? இங்கேதான் செயற்கைக்கோள் துணைக்கு வருகிறது. அமெரிக்காவின் முதல் லாண்ட்சாட் 1972இல் பறந்தது; நமது ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988இல் பறந்தது. அவற்றின் காமிராக்கள் நிலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பல அலைநீளங்களாகப் பிரித்து அளக்கின்றன. ஈர மண்ணும் மக்கு நிறைந்த மண்ணும் ஒளியை விழுங்கிக் கறுத்துத் தோன்றும். உப்புப் படிந்த மண் பளிச்சிடும். பயிரோ கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பும். அதைப் படத்தில் சிவப்பாகக் காட்டுவது வழக்கம்.

பருவமும் முக்கியம். மழைக்காலத்தில் உப்பு கரைந்து மறையும். கோடையை நெருங்க, நீர் ஆவியாகி உப்பு மேலே பூக்கும். ஆகவே மார்ச் மாதப் படங்களையே நாங்கள் விரும்பி எடுக்கிறோம். ஆற்று மணலும் வெண்மைதான். ஆனால் அது ஆற்றின் போக்கையொட்டிக் கிடப்பதால் பிரித்தறியலாம்.

பிரிக்க முடியாத சிக்கல் ஒன்றும் உண்டு. நம் தமிழில் உவர், களர் என இரு சொற்கள் இருக்கின்றன. உவர் நிலத்தில் சோடியம் குளோரைடு போன்ற கரையும் உப்புகள் மிகுதி. வடிகால் வெட்டி நல்ல நீர் பாய்ச்சினால் அவை கழுவுண்டு போகும். களர் நிலத்தில் சோடியம் மண் துகளையே பற்றிக்கொண்டு, நீர் இறங்கவொட்டாமல் இறுக்கிவிடும். அங்கே முதலில் ஜிப்சம் இடவேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். மருந்து வேறு வேறு. வானிலிருந்து பார்த்தால் இரண்டும் பெரும்பாலும் ஒரே வெள்ளை!

காரணம், காமிரா காண்பது மண்ணின் தோலை மட்டுமே. எனவே மண்ணியல் முதுகலை மாணவனாகிய நானும் படத்தில் கோடு கிழித்தபின் மண்வெட்டியோடு கிளம்பவேண்டியிருக்கிறது. தேர்ந்தெடுத்த இடங்களில் குழி தோண்டி, அடுக்கடுக்காக மண்ணெடுத்து, பி.எச். எண்ணும் மின்கடத்து திறனும் பார்க்கிறோம். ஊசர் மண்ணில் பி.எச். 10ஐத் தாண்டுவதும் உண்டு. அதன் பிறகே வரைபடத்தில் வண்ணம் தீட்டலாம்.

ஐ.ஆர்.எஸ்.-1ஏயின் ஒரு காமிராவில் ஒரு புள்ளி என்பது 72.5 மீட்டர் சதுரம், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கும் சற்று அதிகம். ஒரு சிறு விவசாயியின் நிலம் முழுவதும் அந்த ஒற்றைப் புள்ளிக்குள் அடங்கிவிடும். 2015 முதல் பறக்கும் ஐரோப்பிய சென்டினல்-2 காட்டும் நுண்புள்ளி 10 மீட்டர் சதுரம். சுமார் இரண்டரை சென்ட். கண் கூர்மையாகிவிட்டது உண்மை. ஆனால் களரை உவரென்று தீட்டிவிட்டால், அந்த விவசாயி ஜிப்சமின்றி வெறும் நீரைப் பாய்ச்சிக் காத்திருப்பான். நீர் தேங்குமேயன்றி நெல் விளையாது. வானத்துப் படம் எங்கே தோண்டுவது என்று சொல்லும். என்ன மருந்து என்று சொல்வது குழிதான்.