வாக்குரிமையற்ற தலைவர்

அரசியல் தலைவர் என்றவுடன் தேர்தலும் பதவியும் நம் நினைவிற்கு வருகின்றன. வாக்களிக்கும் உரிமையே இல்லாத மக்களுக்கு ஒருவர் தலைவராய் விளங்குதல் எங்ஙனம்? இதற்கு விடையாய் வாழ்ந்து காட்டியவர் தென்னாப்பிரிக்கத் தமிழர் தம்பி நாயுடு.

இவரைப்பற்றி எழுத எனக்கொரு காரணமுண்டு. என் பெற்றோர் பிழைப்பு நாடி மாதேஸ்வரன் மலையில் குடியேறியவர்கள். அம்மலை அமைந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. "உன் சொந்த ஊர் எது?" என்ற கேள்வி எனக்குப் பழகியது. தம்பி நாயுடுவோ 1875இல் மொரீசியசில் பிறந்தவர். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள். இளமையிலேயே டிரான்ஸ்வால் சென்று ஜோகன்னஸ்பர்க்கில் வணிகரானார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. ஆயினும் தமிழோடு ஆங்கிலமும் இந்துஸ்தானியும் பேச வல்லவர்.

1907இல் டிரான்ஸ்வால் அரசு ஆசியர் பதிவுச் சட்டத்தைக் கொணர்ந்தது. ஆசியர் விரல்ரேகை பதிந்து சீட்டுப் பெறவேண்டும். காவலர் கேட்டால் காட்டவேண்டும். ரேகை எல்லா மனிதர்க்கும் உண்டு. அதில் இழிவில்லை என்பதை அறிவியல் மாணவனாகிய நான் அறிவேன். ஓரினத்தாரை மட்டும் குற்றவாளிபோல் நிறுத்தியதே இழிவு. தம்பி நாயுடு மறுத்துச் சிறை புகுந்தார். 1908 ஜனவரியில் ஸ்மட்ஸுக்கு விடுத்த சமரசக் கடிதத்தில் காந்தியடிகளோடும் சீனர் தலைவர் லியூங் குவினோடும் கையெழுத்திட்ட மூன்றாமவர் இவரே. பிப்ரவரி 10ஆம் நாள் காந்தியடிகள் தாக்கப்பட்டபோது உடனிருந்து அடிபட்டவரும் இவரே.

நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்தும் தங்கிய தொழிலாளர்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி சுமத்தப்பட்டிருந்தது. 1913 அக்டோபரில் தமிழ்ப் பெண்களை அழைத்துக்கொண்டு நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றார் தம்பி நாயுடு. தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். அவர் மனைவி வீரம்மாளும் சிறை சென்றார். 1914இல் அவ்வரி ஒழிந்தது. அவ்வாண்டு காந்தியடிகள் விடைபெற்றபோது, தம் நான்கு புதல்வர்களையும் அவரிடம் ஒப்படைத்தார்.

குறையில்லாத மனிதரல்லர். முன்கோபி என்று காந்தியடிகளே எழுதியுள்ளார். அன்றைய போராட்டமும் இந்தியர் உரிமையோடு நின்றது. ஆப்பிரிக்க மக்களின் துயரை அது தழுவவில்லை. 1933இல் அவர் மறைந்தார். அந்த இடைவெளியை அவர் வழிவந்தோர் நிரப்பினர். பேரர் இந்திரஸ் நாயுடு, ஆப்பிரிக்கத் தோழர்களுடன் இணைந்து போராடி, ராபன் தீவில் பத்தாண்டு சிறையிருந்தார். எல்லா இனத்தாரும் சமமாக வாக்களித்த முதல் தேர்தல் 1994இல் வந்தது.

நண்பர்களே! பிறமொழி மண்ணில் பயிலும் நம் மன்றம் பொங்கல் விழாவோடு நின்றுவிடலாகாது. விடுதியில் கன்னடத் தோழருக்கு அநீதி நேர்ந்தால், அவர் பக்கம் முதலில் சென்று நிற்பவர் நாமாக இருத்தல் வேண்டும். தாத்தாவின் துணிவும் பேரனின் தோழமையும் நமக்கு ஒருங்கே தேவை.