கைக்குள் ஒரு மேசைக் கணினி

விளையாட்டுக் கருவி என்றால் சிறுவரின் பொழுதுபோக்குப் பொருள் என்றும், கணினி என்றால் அலுவலகத்திலும் படிப்பறையிலும் வேலை செய்யும் பொறி என்றும் இரண்டையும் வேறு வேறாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கடையிலும் அவை வெவ்வேறு தட்டுகளிலேயே இருக்கின்றன. ஆயினும் இரண்டின் மூடியையும் கழற்றி உள்ளே நோக்கினால் வேற்றுமை எங்கே என்று தேடவேண்டியிருக்கும். கணக்கிடும் செயலி, நினைவகம், கோப்புகளைச் சேமிக்கும் களஞ்சியம், படத்தைத் திரைக்கு அனுப்பும் பகுதி ஆகிய நான்கும் இரண்டிலும் உள்ளன. அவ்வாறாயின், விளையாட்டுக் கருவியில் ஒரு விண்ணப்பத்தைத் தட்டெழுதவோ, வரவு செலவுக் கணக்கொன்றைப் போடவோ ஏன் இயலாது? ஒரு கருவி வாங்குவதற்கு மட்டுமே பணம் உள்ள வீட்டில் இக்கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று.

இதற்கு விடை பொறியின் வல்லமையில் இல்லை. அதனைச் செய்தவர் தரும் அனுமதியிலேயே இருக்கிறது. யப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 2017 மார்ச்சில் வெளியிட்ட ‘ஸ்விட்ச்’ என்னும் கைக்கருவியைத் தாங்கியில் பொருத்தினால், விளையாட்டு வீட்டுத் தொலைக்காட்சியில் பெரிதாகத் தோன்றும். தோன்றுவது விளையாட்டு மட்டுமே. எழுதுவதற்கு ஒரு தாளும் அங்கே கிடையாது. செயலி இடந்தந்தாலும் செய்தவர் இடந்தரவில்லை.

தந்த இடத்தைப் பின்னர் பறித்துக்கொண்ட கதையும் உண்டு. சோனி நிறுவனம் 2006 நவம்பரில் விற்கத் தொடங்கிய ‘பிளேஸ்டேஷன் 3’ என்னும் கருவியில், லினக்ஸ் போன்ற வேறோர் இயக்குதளத்தை நிறுவிக்கொள்ள வழி வைக்கப்பட்டிருந்தது. அதனை நம்பிப் பலர் அக்கருவியைக் கணினியாகவும் பயன்படுத்தினர். ஐக்கிய அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சிக்கூடம் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ரோம் நகரில் 1,760 பிளேஸ்டேஷன் கருவிகளை ஒன்றிணைத்து, ‘கொண்டோர்’ என்ற மாபெருங் கணிப்புத் தொகுதியை 2010 இல் நிறுவியது. அதே ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த மென்பொருட் பதிப்பொன்று அந்த வழியை அடைத்துவிட்டது. பாதுகாப்பே காரணம் என்று கூறப்பட்டது. புதிய பதிப்பை ஏற்காதவர்கள் இணையவழி ஆட்டங்களில் சேர இயலாமற் போயினர். ஏற்றவர்களோ லினக்ஸை இழந்தனர். விலை கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பாதியைத் திருப்பி எடுத்துக்கொண்டதைப் போன்ற இச்செயல் நீதிமன்றம் வரை சென்றது.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போதுதான் ‘ஸ்டீம் டெக்’ என்னும் கைக்கருவியின் சிறப்பு விளங்கும். வாஷிங்டன் மாநிலத்து பெல்வியூ நகரைச் சேர்ந்த வால்வ் நிறுவனம் இதனை 2022 பெப்ரவரியில் வெளியிட்டது. முதலில் வந்த கருவியின் எடை 669 கிராம். திரை 7 அங்குலம். நான்கு கருக்கள் கொண்ட ஏ.எம்.டி. செயலியும் 16 கிகாபைட் நினைவகமும் அதனுள் அமைந்திருந்தன. அக்காலத்தில் விற்ற மலிவான மடிக்கணினிகள் பலவற்றில் இந்த நினைவகத்திற் பாதியே இருந்தது. மிகக் குறைந்த விலை 399 டொலர். ஆனால் அவ்விலைக்குக் கிடைத்த களஞ்சியம் 64 கிகாபைட் மட்டுமே. 2023 நவம்பரில் 7.4 அங்குலத் திரையுடன் கூடிய மற்றொரு வகை வெளிவந்தது.

இது ஒரு கணினியே என்றும், உரிமையாளர் விரும்பிய மென்பொருளை, வேறோர் இயக்குதளத்தையுங்கூட, நிறுவிக்கொள்ளலாம் என்றும் வால்வ் தொடக்கத்திலேயே அறிவித்தது. இதனை முழுத் தாராள மனம் என்று எண்ணிவிடவும் வேண்டியதில்லை. அந்நிறுவனத்தின் பெருவருமானம் தனது இணையக் கடையில் விளையாட்டுகளை விற்பதனால் வருவது. கருவி திறந்திருப்பதனால் அவ்வியாபாரத்துக்கு நட்டம் இல்லை.

கருவியை இயக்கும் ‘ஸ்டீம் ஓ.எஸ்.’ என்பதும் லினக்ஸ் வகையைச் சேர்ந்ததே. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய அந்த லினக்ஸ், இன்று உலகெங்குமுள்ள கணினிக் கூடங்களை இயக்குகின்றது. கருவியின் மின்விசைப் பட்டியலில் ‘மேசைமுறைக்கு மாறு’ என்னும் பொருளில் ஒரு தெரிவு உண்டு. அதனைத் தொட்டால் விளையாட்டுப் பக்கம் மறைந்து, ‘கே.டி.ஈ. பிளாஸ்மா’ என்னும் மேசைத்தளம் விரியும். ஜெர்மனியில் 1996 இல் மத்தியாஸ் எட்ரிக் தொடங்கிய திட்டத்தில் வளர்ந்தது அது. அங்கே தோன்றுவது கணினியின் பாவனை அன்று; பல்லாயிரவர் தம் மேசைமீது வைத்திருக்கும் அதே தளம்.

ஏழங்குலத் திரையில் எழுத்துகள் எறும்புகளைப் போல ஊர்ந்தால் எவர்தாம் படிப்பார்? ஆகவே வெளித்திரை வேண்டும். கருவியின் மேல் விளிம்பில் ‘யூ.எஸ்.பி. சி’ என்னும் துளை ஒன்றே ஒன்று இருக்கிறது. மின்சாரம் உள்ளே வருவதும், படம் வெளியே செல்வதும், விசைப்பலகையின் செய்தி போய்வருவதும் அந்த ஒரே வழியாகத்தான். கம்பியைச் செருகியவுடன் இரு முனைகளும் தம்முள் பேசிக்கொள்கின்றன எனலாம். மின்சாரம் தருவது யார், எவ்வளவு தருவது, மறுமுனையில் திரை உண்டா என்பவை முதலில் தீர்மானிக்கப்படும். திரை உண்டு என்று தெரிந்தால், கம்பிக்குள் இருக்கும் விரைவான இழைகளிற் சில படத்துக்கென ஒதுக்கப்படும். எஞ்சியவை மற்றத் தரவுகளுக்கு. கடைகளில் விற்கும் பல துளைகள் கொண்ட சிறு இணைப்புப் பெட்டி இவற்றைப் பிரித்து, திரைக்கு ஒரு துளையும் விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் வேறு துளைகளுமாகத் தருகிறது. வால்வ் நிறுவனமும் 2022 ஒக்டோபரில் தனது தாங்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனையே வாங்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் வாங்கும் பெட்டியில் மின்னூட்டும் வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் அவசியம். அவ்வழி இல்லாத பெட்டியை மாட்டினால், இருக்கும் ஒரே துளையும் அடைபட்டு, மின்கலம் தீர்ந்து, பாதிக் கடிதத்தில் திரை இருண்டுவிடும்.

விசைப்பலகை இல்லாமலும் ஒருவாறு சமாளிக்கலாம். வலப்பக்கத் தொடுதட்டில் விரலை நகர்த்தினால் சுட்டுமுனை நகரும். ‘ஸ்டீம்’ விசையையும் ‘எக்ஸ்’ விசையையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே எழுத்துப்பலகை தோன்றும். ஒரு கடவுச்சொல்லை எழுத அது போதும். ஒரு பக்கம் எழுத முற்பட்டவர் மறுநாளே விசைப்பலகை வாங்கச் செல்வார்.

மென்பொருள் நிறுவுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இயக்குதளம் அமைந்த பகுதி வாசிப்பதற்கு மட்டும் என்று பூட்டப்பட்டுள்ளது. புதுப்பிப்பு வரும்போதெல்லாம் அப்பகுதி முழுவதும் மாற்றி வைக்கப்படும். பூட்டைத் திறந்து அங்கே எதையேனும் நிறுவுவது, வாடகை வீட்டில் சுவரெழுப்புவது போன்றது. அடுத்த புதுப்பிப்பில் அது இருக்காது. பயனரின் கோப்புகள் இருக்கும் பகுதியோ அழிவதில்லை. ஆகவே ‘டிஸ்கவர்’ என்னும் மென்பொருட் களஞ்சியத்தின் மூலம், அப்பகுதியில் தங்கும் வகையில் அமைந்தவற்றை நிறுவுவதே முறை. கடிதம், கணக்கேடு ஆகியவற்றுக்கு ‘லிப்ரே ஆபீஸ்’, படந்திருத்த ‘கிம்ப்’, இணையத்துக்கு ‘பயர்பாக்ஸ்’ என அங்கே காசின்றிக் கிடைப்பவை பல. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அலுவலக மென்பொருள் லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை; அதனை இணைய உலாவி வழியாகவே பயன்படுத்த வேண்டும். அதில் தயாரித்த ஆவணத்தை லிப்ரே ஆபீஸில் திறந்தால் பெரும்பாலும் சரியாகவே வரும். சில வேளைகளில் அட்டவணை இடம் பெயர்ந்து நிற்கும்.

தமிழ் எழுத விரும்புவோர் ஏமாற வேண்டியதில்லை. லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் இந்தியாவின் கீழும் இலங்கையின் கீழும் தமிழுக்குரிய அமைப்புகள் இடம்பெற்றுள்ளன. மேசைமுறையின் அமைப்புப் பக்கத்தில் விரும்பியதைத் தெரிந்துகொண்டால் போதும்.

வேகத்தைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லுதல் தகாது. எழுத்து வேலை, பாடம் படித்தல், காணொளி பார்த்தல் ஆகியவற்றுக்கு இக்கருவி தாராளமாகப் போதும். நீண்ட திரைப்படத்தைத் தொகுப்பது போன்ற பாரிய வேலைக்கு, பெரிய பெட்டிக் கணினியே ஏற்றது. ஏனெனில் கையில் பிடிக்கும் பொருள் சுடக்கூடாது என்பதற்காக, இதன் செயலி 4 முதல் 15 வாற்று வரையிலான மின்சாரத்துக்குள் அடங்கி வேலை செய்யும்படி அமைக்கப்பட்டுள்ளது. அதுவே ஒரு வசதியுமாகும்; 45 வாற்று மின்னூட்டி ஒன்றே முழுக்கருவிக்கும் போதுமானது. நாள் முழுவதும் மின்னிணைப்பிலேயே கிடப்பது மின்கலத்துக்கு நல்லதன்று. அதனால் 2025 இல் வந்த இயக்குதளப் பதிப்பில், மின்னூட்டம் நிறைவதற்கு முன்னரே நிறுத்தும் எல்லையை வகுக்க வழி செய்யப்பட்டது.

வீட்டில் ஒரே கருவியைத் தந்தையும் மகனும் பகிர்ந்துகொள்ளும்போது கவனிக்கவேண்டியது இன்னொன்றுண்டு. விளையாட்டுப் பக்கத்திலிருந்து மேசைமுறைக்கு மாறினால், நடந்துகொண்டிருந்த ஆட்டம் மூடப்பட்டுவிடும். இடையில் நிறுத்தி வைத்துவிட்டுப் பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடர இயலாது. தந்தைக்கு அவசரக் கடிதம் ஒன்று எழுதவேண்டியிருந்தால், மகன் ஆட்டத்தைச் சேமித்து முடிக்கும் வரை அவர் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.