தூரமா, நேரமா? கார் ஆயில் மாற்றும் கணக்கு

டிராக்டர் வைத்திருப்பவரிடம் ஆயில் எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. "இருநூத்தம்பது மணிக்கு ஒருக்கா" என்பார். உழவுக்கு இறங்கிய வண்டி காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஓடினாலும் ஒரே காட்டைத்தான் சுற்றி வந்திருக்கும். தூரத்தைக் கணக்கு வைத்து என்ன பயன்? அதற்காகத்தான் டிராக்டரில் ஹவர் மீட்டர் வைத்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர் பக்கம் பல வீடுகளில் டிராக்டர் நிற்கும் அதே வாசலில் ஒரு காரும் நிற்கிறது. அதன் கண்ணாடியில் மெக்கானிக் ஒட்டிய ஸ்டிக்கரில் அடுத்த ஆயில் மாற்றத்துக்கான கிலோமீட்டர் எழுதியிருக்கிறது. ஒரே வீடு, ஒரே ஆள், இரண்டு கணக்கு. இரண்டில் டிராக்டர் கணக்குதான் நியாயமானது என்பது என் கட்சி.

இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது ஆயிலை மாற்றச் சொல்கிறது. அந்தப் பத்தாயிரத்தை மணியாக மாற்றிப் பார்ப்போம். கரூர், சேலம் என்று நான்குவழிச் சாலையிலேயே ஓடி, சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் போகும் காரின் இன்ஜின் அந்தத் தூரத்துக்குள் சுமார் 167 மணி நேரம் ஓடியிருக்கும். சராசரி 40 என்றால் 250 மணி. டிராக்டர்காரர் சொன்ன அதே எண். கடைத்தெரு, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு என்று ஊருக்குள்ளேயே சுற்றும் காரின் சராசரி 20-ஐத் தாண்டாது. அதன் இன்ஜின் 500 மணி நேரம் உழைத்திருக்கும். மூன்று காரிலும் மீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும். டிராக்டரின் சுமையும் அது கொள்ளும் ஆயிலின் அளவும் வேறு என்பதால் 250-ஐ அப்படியே காருக்குச் சட்டமாக்கிவிட முடியாது. என்றாலும் 167-க்கும் 500-க்கும் உள்ள இடைவெளியைக் கிலோமீட்டர் முழுதாக மறைத்துவிடுகிறது.

நின்றபடி ஓடுவது இன்னொரு கணக்கு. ஐடிலிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் 48,000 சுற்று. நெடுஞ்சாலையில் டாப் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்று. ஒரு கிலோமீட்டரைக் கடக்க 45 விநாடி, அதாவது 1,500 சுற்று. ஏ.சி. போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நிழலில் நிற்கும் கார், சுற்றுக் கணக்கில் 32 கிலோமீட்டர் போய்வந்த காருக்குச் சமம். மீட்டரில் அதற்குப் பூஜ்யம்.

சுற்றை மட்டும் எண்ணினாலும் போதாது. ஆயில் எந்தச் சூட்டில் இருந்தது என்பதும் சேர வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. பெரும்பகுதி ஆவியாகி சைலன்ஸர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கில் நழுவிக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். கூடவே எரியாத பெட்ரோலும் இறங்கும். வண்டி நெடுநேரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். சிக்கல் என்னவென்றால், டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் சூடேறும். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆபீசுக்குப் போய் நிறுத்தி, சாயங்காலம் திரும்பும் காரில் அந்த ஈரம் வெளியேறவே வாய்ப்பில்லை. அது எரிபொருளின் அமிலங்களோடு சேர்ந்து உள்ளேயே தங்குகிறது. ஆயில் மூடியைத் திறக்கும்போது அடியில் மோர் நிறத்தில் நுரை படிந்திருந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். கூலன்ட் ஆயிலுக்குள் கசிந்தாலும் அப்படி வரும் என்பதால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுவது நல்லது.

வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இதை நினைத்து மிரளவும் வேண்டியதில்லை. பனி கொட்டும் ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே கிளப்பும் வண்டிக்கும், மார்கழியிலேயே 20 டிகிரிக்கு அருகில் இருக்கும் வேடசந்தூரில் கிளப்பும் வண்டிக்கும் நிறைய வித்தியாசம். நம் வெயில் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவுகிறது.

சுற்றையும் சூட்டையும் சேர்த்து எண்ணினால் என்ன என்று 1980-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் யோசித்தவர் ஷெர்லி ஷ்வார்ட்ஸ் என்ற வேதியியலாளர். அவரும் சக ஆய்வாளர்களும் ஆயிலையே சோதிக்கும் கருவி எதையும் புதிதாக வைக்கவில்லை. இன்ஜின் சுற்றை எண்ணி, ஆயில் குளிர்ந்திருக்கும்போதும் அளவு மீறிச் சூடாகும்போதும் ஓடிய சுற்றுகளுக்குக் கூடுதல் தண்டம் போட்டார்கள். அந்தக் கணக்கில் மிச்சம் தீரும்போது டாஷ்போர்டில் விளக்கு எரியும். 1980-களின் இறுதியில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் இது வந்தது. இன்று விலை உயர்ந்த பல கார்கள் ஆயிலின் ஆயுளைச் சதவீதத்தில் காட்டுவது இந்த வழியில்தான். எல்லாக் காரிலும் அது இல்லை. ஆனால் சராசரி வேகம் காட்டும் சின்னத் திரை இப்போது சாதாரண கார்களிலேயே இருக்கிறது. ஓடிய கிலோமீட்டரைச் சராசரி வேகத்தால் வகுத்தால் மணி வந்துவிடும். ஹவர் மீட்டர் கையில் கிடைத்த மாதிரி.

வேடசந்தூரில் இந்தக் கணக்கு யாருக்கு மிகவும் தேவை? என்னைக் கேட்டால் மில் வேன் ஓட்டுபவர்களுக்கு. எரியோடு, வடமதுரை என்று இந்த வட்டாரம் முழுக்க நூற்பாலைகள். ஷிஃப்ட் மாறும் நேரங்களில் வேன்கள் ஊர் ஊராகப் போய்த் தொழிலாளர்களை ஏற்றி வருகின்றன. நூறு இருநூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இன்ஜின் ஓடியபடியே காத்திருப்பு, முதல் இரண்டு கியரிலேயே பாதிப் பயணம், பிறகு மில் கேட்டில் அடுத்த ஷிஃப்ட் வெளியே வரும்வரை நிற்பது. கையேடுகளில் கடுமையான பயன்பாடு என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும்: குறுகிய தூரம், நீண்ட ஐடிலிங், புழுதிச் சாலை, அதிகச் சுமை, மலைப்பாதை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்கிறார்கள். பல கையேடுகளில் அது பாதியாகக் குறைகிறது. மில் வேனுக்கு அந்தப் பட்டியலில் முக்கால்வாசி பொருந்துகிறது. வாரம் தவறாமல் கொடைக்கானலுக்குச் சவாரி ஏற்றும் டாக்ஸியும் இதே கூட்டம்தான். மேட்டில் இரண்டாவது கியரில் மணிக்கணக்கில் இழுக்கும்போது ஆயில் படும் சூடு சமவெளியில் வராது. ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம், சூடு பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது.

இங்கே புழுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடிக் காற்று அடிக்கும் மாதங்களில், தார் போடாத தோட்டத்துப் பாதையில் முன்னால் ஒரு லோடு வண்டி போனால் பின்னால் வருபவருக்கு வழி தெரியாது. அந்தச் செம்மண் புழுதியில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கா. அது இன்ஜினின் உலோகத்தையே உராயும் அளவுக்குக் கடினமானது. பேரிங்கில் ஆயில் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். அந்த இடுக்குக்குச் சரியாகப் பொருந்தும் நுண்துகள்தான் அதிகமாக அரிக்கிறது. ஆகவே புழுதி ஊரில் ஆயிலைக் காப்பாற்றுவது முதலில் ஏர் ஃபில்டர். ஆயிலை ஒழுங்காக மாற்றிவிட்டு ஏர் ஃபில்டரைத் தட்டித் தட்டி வருஷக்கணக்கில் போடுபவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. ஃபில்டர் தாளில் ஊசித்துளை விழுந்தால் அந்த வழியே போகும் மண்ணை எந்த விலை ஆயிலும் தடுக்காது.

"அஞ்சாயிரத்துக்கு ஒருக்கா மாத்திருங்க சார்" என்று பட்டறையில் சொல்வது வெறும் வியாபாரப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு காலத்தில் அது சரியான அறிவுரை. பழைய ஆயிலின் தரம் ஒரு காரணம்; டீசலில் இருந்த கந்தகம் இன்னொன்று. கந்தகம் எரிந்தால் அமிலம் உண்டாகும். அதை முறிக்க ஆயிலில் காரப்பொருள் கலக்கிறார்கள். அது தீர்ந்த பிறகு அமிலம் உலோகத்தைத் தின்னும். பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) 3 தர டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம். பி.எஸ். 4-இல் அது 50. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க வந்த பி.எஸ். 6-இல் 10 மட்டுமே. ஆயிலுக்கு இருந்த பெரிய எதிரி ஒருவன் இப்படி மெலிந்துபோனதும், சிந்தெடிக் ஆயில் வந்ததும் இடைவெளி நீண்டதற்கு முக்கியக் காரணங்கள். நெடுஞ்சாலையில் ஓடும் புதிய பெட்ரோல் காருக்கு 5,000-இல் மாற்றுவது பாதி நல்ல ஆயிலைக் கீழே ஊற்றுவது. அமெரிக்காவிலும் 3,000 மைலுக்கு ஒருமுறை என்ற பழக்கம் வேரூன்றிப் போயிருந்தது. அது தேவையில்லை என்று மக்களுக்குச் சொல்ல கலிஃபோர்னியா மாநிலக் கழிவு மேலாண்மைத் துறையே பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது.

பி.எஸ். 6 டீசல் காரில் மட்டும் புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. அதன் சைலன்ஸர் வழியில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க, பல கார்களில் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசல் பீய்ச்சப்படும். நீண்ட ஓட்டத்தில் இது சத்தமில்லாமல் முடிந்துவிடும். ஊருக்குள்ளேயே ஓட்டி, பாதியில் சாவியைத் திருப்பி நிறுத்திக்கொண்டே இருந்தால் மிஞ்சும் டீசல் ஆயிலில் இறங்குகிறது. ஆயில் அளவு குறையாமல் ஏறுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால் மகிழ்ச்சி அடையக் கூடாது. நீர்த்த ஆயில் அது. கிலோமீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். தினமும் பத்து கிலோமீட்டருக்குள் ஓட்டப்போகிறவர் டீசல் கார் வாங்காமலிருப்பதே மேல்.

டிப்ஸ்டிக்கைப் பார்க்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தை. பார்க்க வேண்டியது அளவை. டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கரித்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் ஆயில் அதைத் தன்னுள் பிடித்து வைத்திருப்பதால் வரும் கறுப்பு அது. ஆயில் வேலை செய்கிறது என்று பொருள். ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட்களில் நிறத்தை நம்பி முடிவெடுப்பதில்லை. ஆயில் மாதிரி எடுத்து நிறமாலைக் கருவியில் வைத்து இரும்பு, செம்பு, சிலிக்கான் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். எந்த உலோகம் கூடுகிறதோ அதை வைத்து இன்ஜினுக்குள் எந்தப் பாகம் தேய்கிறது என்றும் கண்டுபிடிக்கிறார்கள். கார்க்காரருக்கு அந்த வசதி இல்லை. மாதம் இருமுறை, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் அணைந்து சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும். ஆயில் பழசானதால் இன்ஜின் கெடுவதற்குப் பல காலம் ஆகும். ஆயில் இல்லாமல் கெடுவதற்குச் சில நிமிடம் போதும்.

இன்னொரு பேச்சும் இங்கே அடிக்கடி கேட்கிறது: நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும் என்பது. இன்ஜினின் சூட்டை முக்கியமாகக் கட்டுப்படுத்துவது தெர்மோஸ்டாட். வெளியே 25 டிகிரியானாலும் 40 டிகிரியானாலும் கூலன்ட் 90-ஐ ஒட்டித்தான் இருக்கும். சாதாரண 5டபிள்யூ-30 ஆயில்கூட 40 டிகிரியில், 100 டிகிரியில் இருப்பதைவிட ஐந்தாறு மடங்கு கெட்டி. காலையில் கிளப்பியதும் அது மேலே கேம்ஷாஃப்ட்வரை ஏறியாக வேண்டும். கையேட்டில் 0டபிள்யூ-20 என்றிருக்கும் இன்ஜினின் இடைவெளிகளும் பம்பும் அந்த மெல்லிய ஆயிலுக்காக அளவெடுத்துச் செய்தவை. சில கையேடுகள் வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று தரங்களை அனுமதிக்கின்றன. அந்த வரம்புக்குள் கெட்டியானதைப் போடலாம். வரம்புக்கு வெளியே வேண்டாம்.

அதிகம் ஓடாமல் நிழலில் நிற்கும் காருக்கு அந்த "ஓராண்டு" நிபந்தனையைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகன் வரும்போது மட்டும் எடுக்கும் கார்கள் இந்தப் பக்கம் நிறைய. ஆண்டில் 1,500 கிலோமீட்டர்தான் ஓடியது என்று மூன்றாண்டு விட்டுவிடுகிறார்கள். மற்ற நாட்களில் பேட்டரி இறங்காமலிருக்க ஐந்து நிமிடம் கிளப்பி அணைப்பதோடு சரி. ஈரம் சேர அதைவிடத் தோதான வழி கிடையாது. கிளப்பினால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்ட வேண்டும். வாரன்ட்டியில் இருக்கும் கார் என்றால் கையேட்டின் தேதியைத் தாண்டவே கூடாது.

தேவையில்லாமல் சீக்கிரம் மாற்றுவதில் பணம் போவது மட்டும் என் கவலை இல்லை. சின்னக் காரிலிருந்து ஒவ்வொரு முறையும் மூன்று, மூன்றரை லிட்டர் பழைய ஆயில் இறங்குகிறது. சென்ட்ரிங் பலகையில் தடவவும் கரையானுக்கு மரத்தில் பூசவும் அதைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள், மிச்சம் சாக்கடையில். எரிதலில் உண்டான புற்றுநோய் தரும் சேர்மங்களும் தேய்ந்த உலோகமும் அதில் இருக்கின்றன. வெறும் கையால் தொடக்கூட ஆகாத பொருள். ஒரு காரிலிருந்து ஒரு தடவை வடிக்கும் ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கப் போதும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. திண்டுக்கல் தோல் தொழிற்சாலைக் கழிவு குடகனாற்றையும் கரையோரக் கிணறுகளையும் என்ன செய்தது என்பதை இந்த வட்டாரம் அனுபவித்திருக்கிறது. அதே ஆற்றிலிருந்து அழகாபுரி அணைக்கு வரும் தண்ணீரில் இன்னொன்றைக் கலக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பழைய ஆயிலில் உள்ள அடிப்படை எண்ணெய் தேய்ந்து தீர்ந்துவிடுவதில்லை. சேர்மானங்கள் தீர்ந்து அழுக்கு சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சுத்திகரித்தால் மறுபடி ஆயிலாகும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் விதிப்படி, ஆயில் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் நிறுவனங்கள் பயன்படுத்திய ஆயிலில் ஒரு பங்கை மறுசுத்திகரிப்புக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். அந்தப் பங்கு ஆண்டுக்காண்டு கூடும். பழைய ஆயிலைப் பேரலில் சேர்த்துவைத்து, பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குக் கொடுக்கும் பட்டறையில் ஆயில் மாற்றுங்கள். பில்லில் கிலோமீட்டரோடு தேதியையும் எழுதி வாங்குங்கள். அன்றைக்கே டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டால் அடுத்த முறை மணிக்கணக்கு உங்கள் கையிலேயே இருக்கும்.