கோணம் தவறக் கூடாத லென்ஸ்

கண்ணாடிச் சீட்டில் ‘சிலிண்டர்’, ‘ஆக்சிஸ்’ என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அங்கே எண் எழுதியிருந்தால் உங்களுக்கு அஸ்டிக்மாட்டிசம் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் கருவிழியின் வளைவே காரணம். எல்லாத் திசையிலும் சீராக இல்லாமல், கரண்டியின் முதுகுபோல ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கும். ஒளி ஒரே புள்ளியில் குவியாது. எழுத்துகள் நிழல் தட்டித் தெரியும்.

1825-இல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் தன் கண்ணின் இந்தக் குறைக்கு உருளைவளைவுக் கண்ணாடி செய்துகொண்டார். 1949-இல் லண்டனில் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே வைத்தார். இவ்விரண்டும் சேர்ந்ததுதான் ‘டோரிக்’ லென்ஸ். ஜப்பானின் கிமியா ஷிமிசு குழுவினர் இதன் முதல் முடிவுகளை 1994-இல் வெளியிட்டார்கள்.

கண்புரையை அகற்றும்போதே இதைப் பொருத்திவிடலாம். ஆனால் சாதாரண லென்ஸ் எப்படித் திரும்பியிருந்தாலும் பாதகமில்லை. டோரிக் லென்ஸ் குறித்த கோணத்தில்தான் நிற்க வேண்டும். படுத்ததும் கண் சில டிகிரி சுழலக்கூடும். ஆகவே நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்து, நேரே பார்க்கச் சொல்லி, கருவிழியின் ஓரத்தில் மையால் குறியிடுகிறார்கள். கேமரா உதவியோடு கோணத்தைக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கீறல் வழியே மடித்த லென்ஸ் உள்ளே போய் விரியும். அதன் விளிம்பிலுள்ள நுண்புள்ளிகள் அந்தக் கோணத்தோடு பொருந்தும்வரை மருத்துவர் மெல்லத் திருப்புவார். பிறகு, அறுவையின்போது உள்ளே செலுத்திய ஜெல்லை லென்ஸுக்குப் பின்னாலிருந்தும் சுத்தமாக எடுத்தாக வேண்டும். தங்கிவிட்டால் லென்ஸ் வழுக்கித் திரும்பிவிடும்.

ஒரு டிகிரி விலகினால் சிலிண்டர் திருத்தத்தில் சுமார் 3 சதவீதம் போகும். 30 டிகிரி விலகினால் முழுப் பயனும் போகும். பெரிய விலகல் பெரும்பாலும் முதல் நாளிலேயே நேர்கிறது. மறுநாள் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். தேவைப்பட்டால் லென்ஸைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள், அளவெடுப்பதற்கு முன் மருத்துவர் சொல்லும் காலம்வரை அதைக் கழற்றி வைக்க வேண்டும். அது கருவிழியின் வடிவத்தையே மாற்றக்கூடும். கெரட்டோகோனஸ் போன்ற ஒழுங்கற்ற வளைவுக்கு டோரிக் முழுத் தீர்வாகாது. தூரப்பார்வைக்கான லென்ஸ் வைத்தால் படிக்கக் கண்ணாடி வேண்டும். இவற்றை அறுவைக்கு முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். லென்ஸின் விலையைவிட, எடுத்த அளவும் நிறுத்திய கோணமுமே உங்கள் பார்வையைத் தீர்மானிக்கின்றன.